எவர்சில்வர் ஆசையும் அலுமினியப் புரொப்பல்லரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். வாசலில் பைக் வந்து நின்றது. அக்கா மகன். இறங்கியவன் உட்காரக்கூட இல்லை, செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“மாமா, இதைப் பாருங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பல்லர். நம்ம எஞ்சினுக்குச் சேரும்னு சொல்றாங்க. சீட்டு எடுத்த பணம் கையில இருக்கு. வாங்கிப் போட்டிரட்டுமா?”

படத்தில் பளபளவென்று இருந்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம். விலையைக் கேட்டேன். அவன் இப்போது போட்டிருக்கும் அலுமினியப் புரொப்பல்லரைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு.

“எதுக்கு மாப்பிள்ளை இது?”

“படகு இழுக்க மாட்டேங்குது மாமா. ஆளும் சாமானும் ஏறிட்டா மூக்கைத் தூக்கிட்டு நிக்குது. எஞ்சின் கத்துது, ஓட்டம் இல்ல. அதுவும் போக, இந்த அலுமினியம் வருஷத்துக்கு ஒண்ணு போயிருது. ஸ்டீல்னா ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் இருக்கும்ல?”

அந்த ‘ஆயுசுக்கும்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றில் ஒரு பிசைவும் வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். பதிவைப் படிக்கும் நண்பர்கள் பாதிப் பேர் பென்ஷன், பழைய பள்ளிக்கூடம், கோயில் திருவிழா என்று எதிர்பார்த்து வருகிறவர்கள். இந்த வாரம் படகு எஞ்சினா என்று தாண்டிப் போய்விட வேண்டாம். கடற்கரையில் பிறந்த நமக்கு மகனோ மருமகனோ பேரனோ ஒருவனாவது கடலில் இருப்பான். அவன் நாளைக்கு உங்களிடம் இதே கேள்வியோடு வந்து நிற்கலாம்.

முதலில் நம் வீட்டு அடுப்படியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் சோறு வடித்தது அலுமினியப் பானையில். விருந்தாளி வந்தால் மட்டும் பரணிலிருந்து எவர்சில்வர் தட்டு இறங்கும். கல்யாணச் சீர் என்றால் எவர்சில்வர் குடம், எவர்சில்வர் அண்டா, அதில் பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர் வெட்டியிருக்கும். அலுமினியம் இல்லாதவர் வீட்டுப் பாத்திரம், எவர்சில்வர் இருக்கிறவர் வீட்டுப் பாத்திரம். நெளிந்தால் அலுமினியம், நெளியாவிட்டால் எவர்சில்வர். இப்படியே ஊறிப்போன மனசு நமக்கு. கடைக்காரர் மேசையில் ஒரு பக்கம் கறுப்பு பெயின்ட் அடித்த அலுமினியப் புரொப்பல்லரையும், மறுபக்கம் மின்னுகிற ஸ்டீலையும் வைத்தால் கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கும் அப்படித்தான் போனது. அரசுத் துறை ஒன்றின் படகுப் பணிமனையில் முப்பது வருஷத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்தவன் நான். அவுட்போர்ட் எஞ்சின்களைப் பிரித்து மாட்டியே கை ரேகை அழிந்தது. அப்படிப்பட்ட நானே ஒரு காலத்தில் எவர்சில்வரைப் பார்த்து மயங்கினேன். அதற்கான விலையை ஒரு ராத்திரி முழுக்கக் கட்டினோம்.

அந்தக் கதைக்கு முன் புரொப்பல்லர் என்ன வேலை செய்கிறது என்று இரண்டு வார்த்தை.

மரத்தில் திருகாணியை முடுக்கினால் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் உள்ளே போகிறதல்லவா? தண்ணீருக்குள் புரொப்பல்லர் செய்வதும் அதுதான். அதன் குடத்தில் (மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருக்குமே, அதே குடம்தான்) இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச். இரண்டும் அங்குலத்தில். பிட்ச் 13 என்றால், வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு 13 அங்குலம் முன்னே போகும் என்று அர்த்தம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நிமிஷத்துக்கு 5200 சுற்று. கீழே கியரில் அது பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். புரொப்பல்லர் 2600 சுற்று. 13 அங்குல பிட்ச் என்றால் நிமிஷத்துக்கு 33,800 அங்குலம். மணிக்கு ஏறக்குறைய 28 நாட். ஆனால் தண்ணீர் மரம் இல்லை, வழுக்கும். ஐந்தில் ஒரு பங்கு வழுக்கலுக்குப் போனால் 22 நாட் கிடைக்கும். பாரம் கூடக்கூட வழுக்கலும் கூடும். படகின் அடியில் கொட்டலசு ஒட்டியிருந்தால் இன்னும் மோசம்.

இதில் உலோகத்துக்கு என்ன பங்கு? ஸ்டீல் அலுமினியத்தைவிடப் பல மடங்கு வலுவானது. அதனால் இறக்கையை மெல்லிசாகச் செய்யலாம். மெல்லிய இறக்கை தண்ணீரைச் சுலபமாக வெட்டும். வேகமாகச் சுற்றும்போது வளைந்து கொடுக்காது, போட்ட வடிவம் அப்படியே நிற்கும். அலுமினியத்துக்கு அந்த வலு இல்லாததால் இறக்கையைத் தடிமனாக வார்க்க வேண்டும். வேகம் கூடும்போது அது நம் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் நெளியும், பிட்சில் கொஞ்சம் இழக்கும்.

செய்கிற விதமும் வேறு. அலுமினியத்தை அச்சில் அழுத்தத்தோடு ஊற்றி மளமளவென்று எடுத்துவிடலாம். ஸ்டீல் புரொப்பல்லருக்கு முதலில் மெழுகில் வடிவம் செய்து, மேலே பீங்கான் போன்ற கூடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். சுவாமிமலையில் சாமி சிலை வார்க்கிறார்களே, அதே மெழுகு வார்ப்பு முறைதான். பிறகு தேய்ப்பது, மெருகு போடுவது எல்லாம் உண்டு. நான்கு மடங்கு விலை சும்மா வரவில்லை. ஸ்டீலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன். பொருள் உயர்ந்த பொருள்தான். நம் படகுக்கு, நம் கடலுக்கு அது பொருந்துமா என்பதே கேள்வி.

இனி அந்த ராத்திரி.

1997. தென்மேற்குப் பருவம். நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், அந்த மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் கரையோரம் தொட்டி மாதிரிக் கிடக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் போக வேண்டிய வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, பாக் நீரிணைப் பக்கம் மண்டபத்தின் வடகரையிலிருந்து புறப்பட்டோம். அதிகாரி ஒருவர், அலுவலர்கள் இரண்டு பேர், படகோட்டி, நான். படகோட்டி வேறு யாருமில்லை, என் அக்கா வீட்டுக்காரர். மச்சானும் நானும் ஒரே பணிமனையில் வேலை பார்த்தோம்.

அந்த வருஷம்தான் படகுகளுக்கு ஸ்டீல் புரொப்பல்லர் வந்திருந்தது. அலுமினியம் அடிக்கடி உடைகிறது, ஸ்டீல் வாங்கினால் செலவு மிச்சம் என்று குறிப்பு எழுதியவன் நான்தான். மேலே கையெழுத்தாகி, பொருளும் வந்து, என் கையாலேயே மாட்டினேன். அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. மச்சான் மட்டும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ரொம்ப கெட்டியா இருக்கே” என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வடகரையில் கரையை ஒட்டியே பார் இருக்கிறது. சில நூறு மீட்டர் தள்ளி, ஆழம் இல்லாத இடத்தில், பவளப் பாறை வரிசையாக ஓடும். நடுவில் வழி தெரிந்து போக வேண்டும். மச்சானுக்கு வழி தெரியும். ஆனால் அன்றைக்குத் தண்ணீர் வற்றிக் கிடந்தது, காலை வெயில் எதிரே கண்ணில் அடித்தது. ‘டங்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் ஒரு குதி குதித்து உட்கார்ந்தது.

மச்சான் எஞ்சினை நிறுத்தித் தூக்கினார். நான் குனிந்து மூன்று இறக்கையையும் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு அடையாளம். அவ்வளவுதான். நெளிவில்லை, உடைவில்லை. “பார்த்தீங்களா மச்சான், அலுமினியமா இருந்தா இந்நேரம் பாதி இறக்கை போயிருக்கும். ஒண்ணும் ஆகல, ஓட்டுங்க” என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் மச்சான் சொன்னார்: “கைப்பிடியில ஒரு நடுக்கம் இருக்குடா. கரைக்குத் திரும்பி ஒரு தடவை பார்த்திரலாமா?” கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். நான்தான், “புதுசு மச்சான், அப்படித்தான் இருக்கும்” என்று சொன்னேன். மெக்கானிக் சொல்லிவிட்டான், அவர் என்ன செய்வார்? ஓட்டினார்.

இரண்டு மணி நேரம் கழித்து, நல்ல வெளியில், எஞ்சின் திடீரென்று அலறியது. படகு நின்றுவிட்டது. கியர் போட்டால் கீழே கரகரவென்று கல் அரைப்பது போல் சத்தம். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிற்பாடு பிரித்துப் பார்த்தபோது புரிந்தது. பாறையில் பட்ட அடியை ஸ்டீல் இறக்கை வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியே உள்ளே தள்ளிவிட்டது. ஷாஃப்ட் வளைந்திருந்தது. வளைந்த ஷாஃப்ட் சுற்றிச் சுற்றி ஆயில் சீலைத் தின்றது. கியர் ஆயில் வெளியேறி உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. அதற்குப் பிறகு கியர் பல் எவ்வளவு நேரம் தாங்கும்? வெளியே புரொப்பல்லர் மட்டும் கல்யாண வீட்டுக் குடம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

நங்கூரம் போட்டோம். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், நங்கூரம் தரைக்கு எட்டும். அது பிழைப்பு. ஆனால் சாயங்காலம் காற்று கூடியது. கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. நங்கூரம் இழுபட ஆரம்பித்தது. வடகிழக்கே எல்லைக்கோடு. அந்தப் பக்கம் அப்போது போர் நடந்துகொண்டிருந்த காலம். ராத்திரியில் விளக்கில்லாத படகு ஒன்று மிதந்து வந்தால் யார் என்று கேட்டுவிட்டா சுடுவார்கள்? செல்போன் கிடையாது. இருந்த ஒரு வயர்லெஸ் செட்டும் அந்தத் தூரத்துக்குப் பேசவில்லை. இருந்த கயிறு எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு நங்கூரத்துக்கு நீளம் விட்டோம். மச்சான் ராத்திரி முழுக்கக் கயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், இழுபட்டால் கையில் தெரியும் என்று. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

விடிந்து வெகு நேரம் கழித்து, மீன்பிடித்துத் திரும்பிய விசைப்படகு ஒன்று எங்களைப் பார்த்துக் கட்டி இழுத்து வந்தது. கரையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் அங்கேயே இருந்திருக்கிறாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பையன் ஒருவன் நின்றுகொண்டே தூங்கினான். இப்போது திண்ணையில் என் முன்னால் செல்போனை நீட்டியவன் அவன்தான்.

அலுமினியமாக இருந்திருந்தால் ஷாஃப்ட் வளைந்தே இருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பெரிய அடி என்றால் எதுவும் வளையும். ஆனால் ஒன்று நிச்சயம். இறக்கை உடைந்திருக்கும், அல்லது காது மாதிரி மடங்கியிருக்கும். மடங்கும்போது அடியின் பெரும்பகுதியை அது தின்றிருக்கும். உடைந்ததைப் பார்த்த மாத்திரத்தில் நானே கரைக்குத் திருப்பச் சொல்லியிருப்பேன். அலுமினியத்தின் பலவீனம் என்று நாம் சொல்வதே அங்கே காவல்.

வீட்டு ஃபியூஸை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி போகிறதே என்று சலித்துப்போய்த் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கிறவர்கள் நம் தெருவிலும் உண்டு. அதற்குப் பிறகு ஃபியூஸ் போகாது. வயர்தான் எரியும். கடலில் பாறை இருக்கிறவரை ஏதோ ஒன்று என்றைக்காவது உடையத்தான் போகிறது. உடைவது கடையில் கிடைக்கிற, பத்து நிமிஷத்தில் மாற்றுகிற புரொப்பல்லராக இருக்கட்டுமா, பணிமனையில் நான்கு நாள் கிடக்க வேண்டிய கியர் பெட்டியாக இருக்கட்டுமா? நான் முதலாவதைத் தேர்ந்தெடுப்பேன்.

இதற்குப் பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஒன்று, “குடத்துக்குள் ரப்பர் புஷ் இருக்கிறதே, அது அடியைத் தாங்காதா?” என்பார்கள். தாங்கும். புரொப்பல்லர் எங்காவது பட்டு நின்றால் ரப்பர் வழுக்கி கியரைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். இப்போது வருகிறவை இன்னும் நன்றாக இருக்கின்றன. ஆனால் ரப்பர் காப்பது சுற்றுகிற விசையிலிருந்து. இறக்கை பக்கவாட்டில் பாறையில் மோதி ஷாஃப்டை மடக்கப் பார்க்கும்போது ரப்பர் என்ன செய்யும்? எங்கள் எஞ்சினிலும் ரப்பர் இருந்தது.

இரண்டு, மணல். இது வலுவான வாதம். தனுஷ்கோடிப் பக்கம் போல மணல் திட்டு உள்ள இடத்தில் தினமும் கரை ஏற்றி இறக்குகிறவர்களுக்கு, மணல் அலுமினிய இறக்கையின் ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத் தின்றுவிடும். ஸ்டீல் அதைத் தாங்கும். பாறை இல்லாத, வெறும் மணல் கரை என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன், ஸ்டீல் போடுங்கள்.

மூன்று, பெரிய எஞ்சின். 150 எச்.பி.க்கு மேல் போகிற ரோந்துப் படகு, ஆழ்கடலில் வேகமாகப் போய்த் திரும்ப வேண்டிய படகு இவற்றுக்கு ஸ்டீல்தான் சரி. அந்த வேகத்தில், அந்த விசையில் அலுமினியம் நெளியும். இறக்கை மெல்லிசாக இருப்பதன் பலன் அங்கேதான் கையில் கிடைக்கும். 9.9, 15, 25 எச்.பி. வைத்துப் பாரத்தோடு மெதுவாகப் போகிற நம் பைபர் படகில் அந்தப் பலன் கண்ணுக்கே தெரியாது. மாட்டு வண்டிக்குப் பந்தயக் கார் டயர் போட்ட கதை.

நான்கு, செலவு. வருஷத்துக்கு ஒரு அலுமினியம் போனால் நான்கு வருஷத்தில் ஸ்டீல் விலை வந்துவிடுகிறதே என்பது. 1997இல் நான் எழுதிய குறிப்பில் இருந்ததும் இதே கணக்குதான். அந்தக் கணக்கில் நான் எழுத மறந்தது கியர் பெட்டியின் விலையை. இன்னொன்றும் உண்டு. வருஷத்துக்கு ஒன்று போகிறது என்றால், ஓட்டுகிறவன் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாறையில் அடிக்கிறான் என்று அர்த்தம். அவனுக்குத்தான் ஸ்டீல் ரொம்ப ஆபத்து.

இதோடு துருப்பிடிக்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு இருந்தால் ஒன்று மற்றதைத் தின்னும். எஞ்சினின் கீழ்ப் பெட்டி அலுமினியம். பக்கத்தில் ஸ்டீல் புரொப்பல்லர் என்றால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அதைத் தடுக்கத்தான் துத்தநாகக் கட்டி ஒன்றை எஞ்சினில் பொருத்தியிருப்பார்கள். பெட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்து போவதே அதன் வேலை. ஸ்டீல் போட்டவர்கள் அந்தக் கட்டியை அடிக்கடி பார்க்க வேண்டும், பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். சிலர் அழகுக்காக அதன்மேலும் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பெயின்ட் அடித்த துத்தநாகம் வேலை செய்யாது. தயவுசெய்து அடிக்காதீர்கள்.

இனி மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் சொன்ன இரண்டு குறையில் முதல் குறைதான் எனக்கு உறுத்தியது. ஆள் ஏறினால் படகு இழுக்கவில்லை. அதற்கும் உலோகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

சாயங்காலம் அவனோடு கரைக்குப் போனேன். 40 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். புத்தகத்தைப் புரட்டினேன். முழு திராட்டிலில் 5000 முதல் 6000 சுற்றுக்குள் ஓட வேண்டும் என்று போட்டிருந்தது. சுற்று எண்ணும் மீட்டர் ஒன்றைத் தெரிந்த கடையில் இரவல் வாங்கினோம். வழக்கமாக ஏற்றுகிற ஆள், ஐஸ் பெட்டி, தண்ணீர்க் கேன் எல்லாவற்றோடும் வெளியே போய் முழுதாகத் திருகினான். முள் 4600ஐத் தாண்டவில்லை. எஞ்சின் கத்துகிறது என்று அவன் சொன்னது உண்மையில் முனகல். மேட்டில் டாப் கியரில் ஏறுகிற லாரி மாதிரி. இப்படியே ஓட்டினால் பெட்ரோலும் போகும், உள்ளே கரியும் பிடிக்கும், எஞ்சின் ஆயுசும் குறையும்.

புரொப்பல்லரைத் தூக்கிப் பார்த்தேன். பிட்ச் 13. வெறும் படகில் வேகமாகப் போக அது சரி. ஆளும் பாரமும் ஏறுகிற படகுக்கு அதிகம். பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 200 சுற்று கூடும் என்பது நாங்கள் பணிமனையில் வைத்திருந்த கைக்கணக்கு. 11 போட்டால் 5000ஐத் தொடும். படகின் அடியையும் சுரண்டச் சொன்னேன், கொட்டலசு ஒரு விரல் கனத்துக்கு இருந்தது.

“அப்ப அதே 13ல ஸ்டீல் போட்டிருந்தா?” என்றான்.

“அப்பவும் இதே முனகல்தான் மாப்பிள்ளை. கொஞ்சம் கூடவே முனகும்னு வச்சுக்க. அலுமினியமாவது நெளிஞ்சு கொடுக்கும்.”

ஆக, ஸ்டீல் ஒன்று வாங்குகிற பணத்தில் அவன் வாங்கியது இது: 11 பிட்ச் அலுமினியப் புரொப்பல்லர் இரண்டு. ஒன்று எஞ்சினில், ஒன்று இருக்கைக்கு அடியில். கூடவே ஒரு புது துத்தநாகக் கட்டி, கியர் ஆயில், நட்டு, அதைப் பூட்டுகிற பின் நான்கு, ஒரு ஸ்பேனர், ஒரு பிளையர். அதற்குப் பிறகும் கொஞ்சம் பணம் மிச்சம். மாற்றுப் புரொப்பல்லர் மட்டும் படகில் இருந்து, ஸ்பேனர் வீட்டில் இருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இதைச் சொல்லக் காரணம், அப்படியும் நான் பார்த்திருக்கிறேன்.

அவனுக்குச் சொன்ன சில்லறை விஷயங்களை உங்களுக்கும் சொல்கிறேன். எங்கே பட்டாலும், இறக்கை நன்றாகத் தெரிந்தாலும், நியூட்ரலில் வைத்து எஞ்சினை நிறுத்திவிட்டு, புரொப்பல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார். இறக்கை நுனிக்கு நேராக ஒரு குச்சியைப் பிடித்துக்கொள், நுனி குச்சியை விட்டு விலகி விலகி வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை புரொப்பல்லரைக் கழற்றி உள்ளே தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார். நரம்பு சுற்றினாலும் சீல் போகும். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார். பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது, அன்றைக்குக் கடலுக்குப் போகாதே. கைப்பிடியில் நடுக்கம் தெரிந்தால் திரும்பி வா. எந்த மெக்கானிக் என்ன சொன்னாலும் திரும்பி வா.

கடைசி வரியைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். “அப்பா இந்தக் கதையைச் சொல்லிருக்காரு மாமா” என்றான். “ஆனா எஞ்சின் ரிப்பேர் ஆயிருச்சுன்னு மட்டும்தான் சொன்னாரு. நீங்க ஓட்டச் சொன்னதைச் சொல்லவே இல்ல.”

மச்சான் போய் எட்டு வருஷம் ஆகிறது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

நேற்றுச் சாயங்காலம் போன் பண்ணினான். முழுப் பாரத்தோடு 5100 சுற்று வந்ததாம். மூக்கைத் தூக்காமல் சீக்கிரமே சமமாக எழுந்து ஓடுகிறதாம். “ஸ்டீல் ஆசை போச்சா?” என்று கேட்டேன். “பெரிய எஞ்சின் வாங்கும்போது பார்த்துக்கலாம் மாமா” என்றான். வாங்கட்டும். அப்போது நானே மாட்டிக் கொடுக்கிறேன், கண் தெரிந்தால்.

நண்பர்களே, இது பாறை உள்ள கடலோரத்தில் சின்ன எஞ்சினோடு காலம் தள்ளிய ஒருவனின் கருத்து. ஸ்டீல் போட்டுப் பல வருஷம் சிக்கல் இல்லாமல் ஓட்டியவர்கள் உங்களில் இருந்தால் எந்தக் கடலில், எத்தனை எச்.பி.யில் என்று எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த வாரம் வழக்கம் போல் பழைய கதை ஒன்றோடு வருகிறேன்.